பெரியம்மா வாங்கிய இரண்டாயிரம்



இன்று டிராயிங் ஷீட்டில் கோடு போடும் இந்தக் கை முதன்முதலில் எழுதிக் கொடுத்த அரசாங்க விண்ணப்பம் ஒரு பொய் விண்ணப்பம். இதை மலரில் எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2020, கொரோனா ஊரடங்கு. எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. எங்கள் தெருவில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். என் அப்பா கைநாட்டு. அப்போது எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பேச்சு பரவியது: "வெவசாயிப் பணம் எல்லாருக்கும் குடுக்குறாங்களாம், கொரோனா நிவாரணமாம்." பக்கத்து ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் காசு வாங்கிக்கொண்டு பதிந்தார்கள். ஏரே பிடிக்காத விவசாயிகள் எங்கள் ஊரில் திடீரென்று பெருகினார்கள்!

எதிர்வீட்டுப் பெரியம்மா ஆதார் கார்டையும் பேங்க் புத்தகத்தையும் மஞ்சப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. களை வெட்டுவார், நூறு நாள் வேலைக்குப் போவார்.

"நெலம் வேணுமாமே பெரியம்மா?"

"பொழுதன்னிக்கும் நானும் கொல்லையிலதானப்பா கெடக்குறேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. பெயர், கணக்கு எண் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். நில விவரத்தைச் சென்டர்காரரே போட்டுக்கொண்டார்.

அது பி.எம். கிசான் திட்டம் என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். 2019 பிப்ரவரியில் தொடங்கியது. நிலம் உள்ள குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக நேரே பேங்கில் ஏறும். 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் கணக்கு. என் அப்பா ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு ஓட்டி மக்காச்சோளம் போடுகிறார். விதை, உரம், ராத்திரி பன்றிக்காவல் எல்லாம் அவர் பாடு. பணம் மட்டும் சேலத்தில் குடியிருக்கும் நிலத்துக்காரருக்கு. சட்டப்படி அதில் தப்பே இல்லை.

ஆகஸ்டில் பெரியம்மா கணக்கில் 2,000 ஏறியது. "பேனா வாங்கிக்க" என்று எனக்கு 50 ரூபாய் தந்தார்.

அந்த மாதமே விஷயம் வெடித்தது. அதிகாரிகளின் பாஸ்வேர்டு வெளி ஆட்கள் கைக்குப் போய், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சுமார் 110 கோடி ரூபாய். சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது.

பெரியம்மா கணக்கை முடக்கிவிட்டார்கள். நூறு நாள் வேலைக் கூலியும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது. துணைக்கு நானும் பேங்குக்குப் போனேன். கவுண்டரில் ஒருவர், "ஏம்மா, உனக்கு எத்தினி ஏக்கரு?" என்று சத்தமாகக் கேட்டார். வரிசையே சிரித்தது. "யாரு எழுதிக் குடுத்தது?" என்றும் கேட்டார். பெரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியலீங்க" என்றார். ஓர் ஆட்டை விற்றுப் பணத்தைக் கட்டினார். நான் வாயே திறக்கவில்லை.

போன லீவில் நிலத்துக்காரர் குத்தகைப் பணம் வாங்க வந்திருந்தார். "தம்பி பாலிடெக்னிக்தானே, இந்த இ-கேஒய்சி-யைக் கொஞ்சம் முடிச்சுக் குடு" என்று போனை நீட்டினார். ஓ.டி.பி. வந்தது, ஐந்து நிமிஷ வேலை. அப்பா பக்கத்தில் உரமூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா எதிர்த்திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.