சங்கத்திலும் பூசாரியா?

செம்பட்டியிலிருந்து ஆலைக்குச் சென்று உழைத்த நாம், சங்கத்திற்குத் தவறாது சந்தா கட்டினோம். வாக்குச்சீட்டு மட்டும் ஒருமுறையும் நம் கைக்கு வந்ததில்லை! தலைவர் வருவார், மாலை பெறுவார், முழங்குவார், மறைவார். வரவு செலவு கேட்டால், "தலைவரையா ஐயுறுவது?" என்பர். கோயிலிலே கேள்வி கேட்ட நாம், சங்கத்திலே கைகூப்பி நின்றோம். வெட்கம் நமதன்றோ!

நம் மாவட்டமே வேறு வழியும் காட்டிற்று. 2021இல் ஆடை ஆலையொன்றின் தாழ்த்தப்பட்ட சமூகப் பெண் தொழிலாளி கொலையுண்டார். பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022இல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கண்டது. அந்த ஆலையில், தையற்பொறியில் அமர்ந்த பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணிப்பாளராயினர். உடன் உழைப்போரின் குறைகளை அவர்களே எடுத்துரைத்தனர்.

தோழர்களே, தலைவரைத் தேடியது போதும். அடுத்த கூட்டத்தில் எழுந்து நிற்போம்: கணக்கைக் காட்டுக! தேர்தலை நடத்துக!