மூடி மேல் பழி

சம்பா அறுவடை முடிந்த மாசியில் வந்தது அந்த வண்டி. ஓட்டி வந்தவர் ஒரத்தநாட்டுப் பக்கம் வயல் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

"செக் லைட் அணைய மாட்டேங்குது தம்பி. அமெரிக்காவுல இருக்கற பையன், பெட்ரோல் மூடி சென்சார்தான்னு சொன்னான். புதுசு வாங்கிப் போட்டேன், அப்பவும் எரியுது."

பையன் சொன்னது அவன் ஊருக்குச் சரி. அங்கே 1996 மாடல் தொடங்கிப் படிப்படியாக வந்த கார்கள், டேங்கில் ஆவி கசிகிறதா என்று தாமே சோதித்துக்கொள்ளும். மூடிக்குள் சென்சார் கிடையாது. டேங்கின் அழுத்தம் நிற்கவில்லை என்றால் முதல் சந்தேகம் மூடி மேல் விழும், அவ்வளவுதான். வண்டி தன்னைத்தானே சோதிப்பதற்கான நம் நாட்டு ஓபிடி-2 விதி ஐரோப்பிய வழியில் வந்தது. ஆவிக்கு வழிவிடும் பர்ஜ் வால்வின் மின்சுற்று அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும். சார் வண்டியும் அந்த ரகம். மூடியே இல்லாமல் ஓட்டினாலும் பெட்ரோல் வாடைதான் வரும், விளக்கு எரியாது.

ஸ்கேனரில் பி0443. டேங்கின் ஆவியைக் கரி நிரம்பிய கேனிஸ்டர் பிடித்து வைக்கும். அதை எஞ்சின் உறிஞ்சிக்கொள்ள வழிவிடுவது பர்ஜ் வால்வு. அதன் சுற்றில் கோளாறு என்கிறது கோடு. வால்வு கெட்டது என்று அது சொல்லவில்லை. தொழில் பழகிய காலத்தில் இதே கோட்டுக்கு வால்வை மாற்றிக் கொடுத்து, மூன்றாம் நாள் வண்டி திரும்பி வர, தலைகுனிந்திருக்கிறேன்.

கப்ளரைக் கழற்றி அளந்தேன். வால்வுச் சுருளில் 26 ஓம், பழுதில்லை. சாவி போட்டால் ஒரு வயரில் 12 வோல்ட் வருகிறது. இன்னொரு வயர் எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவுக்குப் போக வேண்டும், மீட்டர் பேசவில்லை. உண்மையில் மீட்டருக்கு முன்பே மூக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரித் தட்டைத் தூக்கினால் அடியில் ஒரு கை உமி, வைக்கோல், மூத்திர நாற்றம்.

"வண்டி எங்க சார் நிக்குது?"

"வைக்கப்போர் பக்கத்துக் கொட்டாயிலதான்."

கதிர் நிற்கும்வரை எலிக்கு வயல். அறுத்துவிட்டால் போர், கொட்டகை, அப்புறம் கதகதப்பான பானெட். வயலில் தஞ்சாவூர் கிட்டி என்னும் எலிப்பொறி வைத்தவர், காருக்கு வைக்க நினைக்கவில்லை.

எலி கடித்த வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டால் ஐப்பசி மழை வரைதான் தாங்கும். மூத்திரம் பட்ட செம்பு உள்ளே வெகுதூரம் கறுத்திருக்கும். பளிச்சென்று செம்பு தெரிகிறவரை வெட்டி, புதுத் துண்டு சேர்த்து, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் ஏற்றினேன். கோட்டை அழித்தேன். எஞ்சின் சூடானதும் வால்வின் மேல் விரல் வைத்தால் டிக் டிக் என்று நாடி.

"அப்ப இந்தப் புது மூடி தண்டமா?"

டிக்கியில் கிடந்த பழைய மூடியை வாங்கிப் பார்த்தேன். ரப்பர் வளையம் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது.

"புதுசே இருக்கட்டும் சார்."