கடல் தாண்டினால் லைசென்ஸ் செல்லுமா?

எங்கள் அம்பத்தூர்ப் பக்கம் சக்கரத்துக்குப் பேர்போனது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி இங்கேதான் சைக்கிள் செய்தது. 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. பக்கத்து ஊரான ஆவடியில் 1965-ல் விஜயந்தா டாங்கியே உருண்டு வெளியே வந்தது. இந்த ஊரில் வளர்ந்த என் மகளும் கல்யாணத்துக்கு முன்பே கார் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொட அவளுக்கு வேளையே வாய்க்கவில்லை.

மாப்பிள்ளைக்கு இங்கிலாந்தில் வேலை. இரண்டு வயதுக் குழந்தையோடு இவளும் புறப்பட வேண்டும். "அங்க போய் லைசென்ஸை மாத்திக்கிட்டாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்திலிருந்து லீவில் வந்த திருமுல்லைவாயல் அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"மாத்தித் தர மாட்டாங்க கண்ணு. சிங்கப்பூர், ஜப்பான்னு சில நாட்டு லைசென்ஸைத்தான் மாத்தித் தருவாங்க. நம்மது அந்தப் பட்டியல்ல இல்ல. குடியேறினதுல இருந்து 12 மாசம் நம்ம லைசென்ஸ்லயே ஓட்டலாம். அப்புறம் அங்கேயே பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்டணும். நான் அசட்டையா இருந்துட்டேன். பதிமூணாவது மாசம் கார் வாசல்ல நிக்குது. நான் குழந்தையைத் தள்ளுவண்டியில வச்சு, மழையில டாக்டர்கிட்ட நடக்கறேன்."

மகள் முகம் வாடிவிட்டது. "இன்டர்நேஷனல் பர்மிட் வாங்கிட்டா?" என்று கேட்டாள். அது நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தருவது, ஒரு வருஷம் செல்லும். மற்ற நாடுகளுக்குச் சுற்றுலா போகும்போது கைகொடுக்கும். ஆனால் நம் லைசென்ஸையும் கூடவே வைத்திருக்க வேண்டும். அந்த 12 மாதக் கெடுவை அது ஒரு நாள்கூட நீட்டாது.

ஆகக் கடல் தாண்டிப் போவது அட்டை அல்ல, கைப்பழக்கம்தான் என்று தெரிந்தது. புறப்பட மூன்று ஞாயிறுகள் இருந்தன. பேரனைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கே நாங்கள் இருவரும் காரில் கிளம்பினோம்.

முதல் ஞாயிறு, எஸ்டேட் தெருக்கள். வார நாளில் லாரி நெரியும் இடம் அன்று காலியாகக் கிடந்தது. கியர் மாற்றவும், பின்னால் எடுக்கவும், கண்ணாடி பார்க்கவும் பழகினாள். இங்கிலாந்தில் ஆட்டோமேட்டிக் காரில் தேர்வானால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம். கியர் வண்டியில் தேர்வானால் இரண்டையும் ஓட்டலாம்.

இரண்டாம் ஞாயிறு, சி.டி.எச். ரோடில் திருமுல்லைவாயல் வழியாக ஆவடி. அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள் என்பது பெரிய ஆறுதல். ஆனால் ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு நின்று வழிவிட வேண்டும். மகள் ஓரிடத்தில் அப்படி நின்றாள். பின்னாலிருந்த ஆட்டோ அடித்த ஹாரனில் எனக்குக் காது அடைத்துவிட்டது! அவள் அசரவில்லை.

மூன்றாம் ஞாயிறு, ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லி. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலைக் காற்று சிலுசிலுவென்று வந்தது. காடுவெட்டியில் கூவம் பாலத்தைத் தாண்டி, கரையான்சாவடி நெரிசலில் நுழைந்தோம். பஸ், ஷேர் ஆட்டோ, குறுக்கே ஓடும் பிள்ளைகள்! நான் கைப்பிடியை இறுகப் பிடித்தேன். அவளோ நிதானமாக ஓட்டி, திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊரில் கோயில் பக்கம் கொண்டு நிறுத்தினாள். "பயந்துட்டியாம்மா?" என்று சிரித்தாள். ஆளுக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டோம்.

இன்னொன்றையும் கேளுங்கள். அங்கே 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பரைப் படிக்கத் தெரிய வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டும் படிக்கலாம். எங்கள் தெருவில் அளந்து நிறுத்திப் பார்த்தோம். மகளுக்குக் கடைசி இரண்டு எழுத்து மங்கல்! கண் டாக்டரிடம் போனால், பவர் மாறியிருந்தது. பிரசவத்துக்குப் பின் அவள் கண்ணைச் சோதிக்கவே இல்லை. புதுக் கண்ணாடியோடுதான் விமானம் ஏறினாள்.

உங்கள் வீட்டிலும் பெண்ணோ மருமகளோ புறப்படுகிறார்களா? இவற்றைச் சொல்லி அனுப்புங்கள்:

எந்த நாடு, எத்தனை நாள் கெடு என்று முதலில் விசாரிக்கட்டும். ஜெர்மனியில் ஆறே மாதம்தான்.

இங்கிலாந்து என்றால், போனவுடன் தற்காலிக லைசென்ஸுக்கு எழுதிப் போடட்டும். எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாக வேண்டும். அதோடு, திரையில் ஆபத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையும் உண்டு. ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

குழந்தைக்கு 12 வயது ஆகும் வரை, அல்லது 135 செ.மீ. உயரம் வளரும் வரை, காரில் தனி இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் எந்த மூலையில் வைப்பது என்று அப்புறம் யோசிக்கலாம். முதலில் பெண்ணை ஒரு ஞாயிறு காலையில் ஸ்டியரிங் முன்னால் உட்கார வையுங்கள்.