இமயச் சாலையில் டீசல் கணக்கு

மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சந்திரா, பாகா என்னும் இரண்டு நதிகளும் கலந்து சந்திரபாகா என்ற பெயருடன் மேற்கே திரும்புகிற இடத்திற்கு அருகில், தாண்டி என்ற சிற்றூரில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவித்த அதன் பலகை, அந்த வழியே போய்வந்தவர்கள் அனைவரும் அறிந்தது. சமவெளியில் வாகனம் ஓட்டுகிறவருக்கு மைலேஜ் என்பது மாதக் கடைசியில் நினைவுக்கு வருகிற பண விஷயம். தாண்டியைக் கடந்து வடக்கே போகிறவருக்கோ, இரவுக் குளிரில் நடுவழியில் நிற்க நேருமா, பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேர முடியுமா என்பதையே நிர்ணயிக்கிற விஷயம். அதற்கும் மேலாக, என் மனத்தில் பிரயாணம் முழுவதும் நின்ற எண்ணம் ஒன்று உண்டு. அந்த மலைகளில் நாம் எரிக்கிற ஒவ்வொரு லிட்டர் டீசலையும், எங்கோ கீழேயிருந்து ஒரு டேங்கர் லாரி, தானும் டீசலை எரித்துக்கொண்டே, அத்தனை கணவாய்களையும் ஏறி இறங்கிச் சுமந்து வந்திருக்கிறது. அங்கே ஒரு லிட்டரை வீணாக்குவது என்பது அந்தச் சுமையையும் அந்தச் சிரமத்தையும் சேர்த்து வீணாக்குவதாகும்.

இந்த எண்ணத்தை என்னுள் விதைத்தவர் எங்கள் சாரதி. லாஹௌல் பிரதேசத்துக்காரர், என்னிலும் வயதில் மூத்தவர், கார் ஓட்ட வருமுன் இதே சாலையில் பல்லாண்டுகள் டேங்கர் லாரி ஓட்டியவர். நான் அவரை ‘பாய் சாஹிப்’ என்று அழைப்பேன். அவர் என்னை ‘பாபுஜி’ என்பார். புரட்டாசி மாதத் தொடக்கத்தில், கணவாய்களில் இன்னும் பனி மூடாத நாட்களில், பயணிகளும் சாமான்களுமாக இரண்டு டன் எடை கண்ட ஒரு டீசல் எஸ்.யூ.வி.யில் நாங்கள் புறப்பட்டோம். அவருடைய கையும் காலும் செய்ததையெல்லாம் பக்கத்து ஆசனத்திலிருந்து பார்த்துப் பார்த்து, அவற்றின் காரணங்களை என் அறிவுக்கு எட்டிய பௌதிகத்தைக்கொண்டு ஆராய்ந்தவாறே போனதுதான் இந்தப் பிரயாணத்தில் எனக்குக் கிடைத்த பெரும் இன்பம்.

முதலில் உயரத்தின் விலையைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு டன் எடையை ஆயிரம் மீட்டர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 20 மெகாஜூல் சக்தி தேவை. ஒரு லிட்டர் டீசலில் அடங்கியுள்ள சக்தி சுமார் 36 மெகாஜூல். ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்ந்தாலே யந்திரம் நன்றாக வேலை செய்கிறது என்று கொள்ளலாம். மற்றதெல்லாம் புகைப்போக்கி வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் உஷ்ணமாகப் போய்விடுகிறது. ஆகவே ஆயிரம் மீட்டர் ஏறுவதற்கு, தூரத்தைக் கடக்கும் செலவு போக, 1.6 லிட்டருக்குக் குறையாமல் தனியாகச் செலவாகும். 3,080 மீட்டரில் உள்ள கேலாங்கிலிருந்து புறப்பட்டு, பாராலாச்சா, நாக்கீ, லாச்சுலுங், தங்லங் ஆகிய கணவாய்களுக்கு ஏறுகிற ஏற்றங்களை மட்டும் கூட்டினால் மூவாயிரம் மீட்டருக்கு மேல் வருகிறது. ஐந்து லிட்டரை மலை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறது என்று பொருள். எத்தகைய சாமர்த்தியசாலியும் இந்த ஐந்து லிட்டரைக் குறைக்க முடியாது. இதைக் குறைத்துத் தருவதாகச் சொல்லி விற்கப்படுகிற திரவங்களையும் சில்லுகளையும் குறித்து என் அபிப்பிராயம் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

உயரத்தின் செலவைக் குறைக்க ஒரே வழி, உயரத்தையே தவிர்ப்பதுதான். 2020 அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை அதைத்தான் செய்கிறது. 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தங் கணவாயின் மேல் ஏறாமல், 3,060 மீட்டர் மட்டத்திலேயே மலையின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு 9 கிலோமீட்டர் செல்கிறது அது. தொள்ளாயிரம் மீட்டர் ஏற்றம் மிச்சம் என்றால் எங்கள் வண்டிக்கு ஒன்றரை லிட்டர் மிச்சம். சுற்றுவழியில் குறைந்த 46 கிலோமீட்டர் வேறு. அந்த வழியே போகும் டேங்கர்கள், ராணுவ லாரிகள் ஆகியவற்றின் எடையையும் எண்ணிக்கையையும் நினைத்துப் பார்த்தால், எரிபொருள் சிக்கனத்துக்காக இந்த மலைகளில் நடந்த காரியங்களில் இதற்கு நிகராக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

டீசல் யந்திரம் பிறந்ததே சிக்கனத்தின் பொருட்டுத்தான் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர், நீராவி யந்திரங்கள் நிலக்கரியின் சக்தியில் பெரும் பகுதியை விரயம் செய்வதைக் கண்டு மனம் பொறாமல், காற்றை மிகுதியாக அழுத்தி அந்த அழுத்தத்தின் உஷ்ணத்தாலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் முறையை ஆராய்ந்தார். 1897 பிப்ரவரியில் அவருடைய யந்திரத்தைப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்தபோது, அது எரிபொருளின் சக்தியில் 26.2 சதவிகிதத்தைப் பயனுள்ள வேலையாக மாற்றியது. அக்காலத்து யந்திரங்களுக்கிடையே அது ஓர் அற்புதம். ஆனால் அந்த முறைக்கு உயிர்நாடி காற்று. காற்று குறையும் இடத்தில் டீசல் யந்திரம் தடுமாறத்தான் செய்யும்.

அந்தத் தடுமாற்றத்தைப் பாராலாச்சா ஏற்றத்தில் கண்டோம். சூரஜ் தால் ஏரியின் ஓரமாக, ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரத்தை நோக்கிச் சாலை போகிறது. காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே மிஞ்சும் இடம் அது. டர்போ என்ற காற்றழுத்தி இந்தக் குறையை ஓரளவு ஈடு செய்கிறது என்றாலும், யந்திரம் மெதுவாகச் சுழலும்போது அதற்குப் போதிய வேகம் கிடைப்பதில்லை. எங்களுக்கு முன்னே போன ஒரு வண்டி, உயர்ந்த கியரிலேயே ஏறிவிட முயன்று, ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தியும் நகர மாட்டாமல் கரும்புகையைக் கக்கியது. அந்தக் கரும்புகை, காற்றில்லாமல் எரியாது போன டீசலே. பாய் சாஹிப், வண்டி திணறத் தொடங்குவதற்கு முன்பே, சமவெளியில் எவரும் மாற்றாத இடத்தில், ஒரு கியர் கீழே இறக்கிவிடுவார். நிமிஷத்துக்கு 1,600 சுற்றுக்குக் குறையாமலும் 2,400 சுற்றுக்கு மிகாமலும் யந்திரத்தை வைத்துக்கொண்டு, காலை ஒரே நிலையில் பாதிக்கு மேல் அழுத்திப் பிடித்திருப்பார். கீழ்க் கியர் என்றாலே செலவு அதிகம் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஆனால் டர்போ நன்றாக ஊதுகிற சுழற்சியில்தான் டீசல் முழுமையாக எரிகிறது என்பதால், திணறும் மேல் கியரைவிடத் தெளிவாக இழுக்கும் கீழ்க் கியரே சிக்கனமானது. ஏர் ஃபில்டரில் தூசி அடைந்திருந்தால் இந்தச் சிரமம் இரட்டிப்பாகும். ஆகையால் மணாலியில் அதைக் கழற்றிப் பார்த்து மாற்றிய பின்னரே அவர் புறப்படச் சம்மதித்தார்.

ஏற்றத்தில் அவருடைய இன்னொரு வழக்கம், நிற்காமல் போவது. எதிரே லாரி வருவது மூன்று வளைவுகளுக்கு மேலே தெரியும்போதே, சாலை அகன்றிருக்கும் இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, அங்கே இருவரும் சந்திக்கும்படி தம் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ வருவார். சரிவில் முழுக்க நின்றுவிட்ட இரண்டு டன்னை மறுபடியும் அசைக்க, கிளட்ச் தேய்வதும் டீசல் கொட்டுவதும் மிக அதிகம். மலைச் சாலையில் மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறதே, அதை எல்லோரும் கடைப்பிடித்தால் எத்தனை எரிபொருள் மிச்சமாகும்! காட்டா லூப்ஸ் என்னும் 21 கொண்டை ஊசி வளைவுகளில், எந்த வளைவிலும் அவர் வண்டியை நிறுத்தவில்லை. வளைவுக்குள் நுழையுமுன்பே கியரை மாற்றிக்கொண்டு, வளைவின் வெளி ஓரம் பிடித்து, உருண்டு வந்த வேகத்தைச் சிந்தாமல் மேல்தளத்துக்குக் கொண்டுபோய்விடுவார்.

ஆனால் மலையில் சிக்கனத்தின் உயிர்நிலை ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது என்பதே நான் இந்தப் பிரயாணத்தில் உணர்ந்த முக்கியமான உண்மை. இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை நம் நாட்டில் வெகுவாகப் பரவியிருக்கிறது. ஆனால் இக்காலத்து டீசல் யந்திரங்களில், கியர் பிணைந்திருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே யந்திரத்தைச் சுழற்றுகிறது. எரிபொருள் பீச்சுவது அடியோடு நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ, யந்திரம் அணையாமல் இருக்க மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் எரிந்துகொண்டே இருக்கும். 5,328 மீட்டர் உயரமான தங்லங் லா என்னும் அந்தக் கணவாயிலிருந்து சிந்து நதிக்கரையில் உள்ள உப்ஷி வரை சாலை 60 கிலோமீட்டருக்கு இறங்கிக்கொண்டே போகிறது. அதை இரண்டு மணி நேரத்தில் நியூட்ரலில் கடப்பவர் ஒரு லிட்டரை எரித்துவிட்டுக் கீழே வருவார். கியரில் வருபவர், சரிவு நன்றாக உள்ள பகுதியெல்லாம் ஒரு சொட்டும் எரிக்காமல் வருவார். அது மட்டுமா? நியூட்ரலில் வருகிறவரின் பிரேக் ஒன்றே இரண்டு டன்னையும் தாங்க வேண்டும். காய்ந்து சிவந்த பிரேக் மிதித்தும் பிடிக்காமல் போய்ப் பள்ளத்தில் விழுந்த வண்டிகளின் எலும்புக்கூடுகளை அந்தச் சாலையின் ஓரங்களில் பார்க்கிறவருக்கு வேறு பாடம் தேவையில்லை. “ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், பாபுஜி. பிரேக் நிற்பதற்கு; இறங்குவதற்கு அல்ல” என்றார் பாய் சாஹிப். பெட்ரோல் யந்திரத்தைப்போல் டீசல் யந்திரம் தானாக அவ்வளவு வலுவாக இழுத்துப் பிடிக்காது. ஆகவே கியரை இன்னும் ஒரு படி தாழ்த்திக்கொள்வது உத்தமம்.

நம் ஊர்களில் கவலை இறைத்ததை நேரில் கண்டவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். மாடுகள் சரிவில் இறங்கும்போதுதான் நீர் நிறைந்த சால் மேலே வரும். அவற்றின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். ஏறி இறங்கும் மலைச் சாலையில், ஒரு சரிவின் அடிவாரத்துக்கு வந்து சேரும் வேகத்தைப் பிரேக்கில் உஷ்ணமாக்கித் தொலைக்காமல் அடுத்த மேட்டுக்கு ஈடாகக் கொடுக்கத் தெரிந்தவரே அந்தக் கவலைக்காரரின் சூட்சுமம் அறிந்தவர். அதற்குத் தூரத்தைப் பார்க்கும் கண் வேண்டும். முன்வண்டியை ஒட்டிப் போகாத பொறுமை வேண்டும்.

பாங் என்ற கூடாரக் குடியிருப்பைத் தாண்டியதும், மோரே சமவெளி என்னும் விசித்திரப் பிரதேசம் வருகிறது. சுமார் 4,700 மீட்டர் உயரத்தில் 40 கிலோமீட்டர் தூரம் மட்டமாகக் கிடக்கும் அந்த வெளியில், மெலிந்த காற்று ஒரு சிறு நன்மையும் செய்கிறது. அதன் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே ஆகையால், முகத்தில் மோதும் காற்றின் தடையும் அந்த அளவுக்குக் குறைகிறது. இருந்தும் நாங்கள் நிதானமாகவே போனோம்.

பாரத்தைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுவதுண்டு. நூறு கிலோ கூடுதல் எடையை ஆயிரம் மீட்டர் ஏற்ற, மேற்சொன்ன கணக்கின்படி 80 மில்லிலிட்டர் டீசலே போதும். இந்தச் சாலை முழுவதற்கும் கால் லிட்டரைச் சற்று மிஞ்சும். ஆகவே 17 கிலோ எடையுள்ள ஒரு கேன் டீசலையோ, கம்பளிகளையோ, பிராணவாயு உருளையையோ சிக்கனத்தின் பெயரால் விட்டுவிட்டு வருவது விவேகமன்று. கூரையின் மேல் சாமான் ஏற்றுவதைத் தவிர்க்கச் சொல்வேன். அது டீசலுக்காக அன்று, வளைவுகளில் வண்டி சாயாமல் இருப்பதற்காக. நான்கு சக்கர இழுவையைத் தார்ச்சாலையில் போட்டுக்கொண்டே போவதுதான் மெய்யான விரயம். வளைவுகளில் சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்துத் தேய்கின்றன. ஓடைநீர் குறுக்கிடும் இடங்களிலும் சேற்றிலும் போட்டு, கடந்ததும் எடுத்துவிட வேண்டும்.

டயர்க் காற்றில் ஒரு நுட்பம் உண்டு. மணாலியில் சரியாக அடித்த காற்று, வெளி அழுத்தம் குறைவதனால் தங்லங் லாவில் நான்கு பவுண்டு வரை மிகுந்து காட்டும். அதிகாலைக் குளிர் அதில் மூன்று பவுண்டு வரை குறைத்தும் காட்டும். இதை அறியாதவர்கள் உச்சியில் காற்றைத் திறந்துவிட்டுக் கீழே வந்து, தளர்ந்த டயரோடு டீசலையும் டயரையும் ஒருங்கே செலவழிக்கிறார்கள். இறங்கப் போகிறவர் காற்றில் கை வைக்காதிருப்பதே மேல்.

வழியில் சர்ச்சு என்ற இடத்தில் இரவு தங்கி எழுந்த காலையில் நீர்ப் பாத்திரத்தில் பனிக்கட்டி படர்ந்திருந்தது. பக்கத்துக் கூடாரக்காரர்கள் வண்டியை முடுக்கிவிட்டு, அது சூடாகட்டும் என்று சிற்றுண்டி முடியும் வரை ஓடவிட்டிருந்தார்கள். நின்ற இடத்தில் டீசல் யந்திரம் சூடாவது மிக மெதுவாகத்தான். இரண்டொரு நிமிஷம் எண்ணெய் சுழலவிட்டு, முதல் சில கிலோமீட்டரை மென்மையாக ஓட்டுவதே முறை. ஹீட்டருக்காக இரவில் யந்திரத்தை ஓடவிட்டு வண்டிக்குள் உறங்குவது டீசலை மட்டும் அல்ல, உயிரையே பறிக்கக்கூடியது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

லே நகரத்துப் பங்கில் நுழைந்தபோது டேங்கில் கால் பங்குக்கு மேல் மீந்திருந்தது. கேனின் மூடியைத் திறக்க நேரவில்லை. குளிர்காலத்தில் இங்கே சாதாரண டீசல் உறைந்து குழாயை அடைத்துவிடும் என்றும், தம் காலத்தில் மண்ணெண்ணெயைக் கலந்து சமாளித்தார்கள் என்றும் பாய் சாஹிப் சொன்னார். பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கில் விநியோகிக்கத் தொடங்கியது 2019இல்தான். கார்த்திகைக்குப் பிறகு இங்கே தங்கப்போகிறவர்கள், கீழேயிருந்து கொண்டுவந்த டீசலைத் தீர்த்துவிட்டு, அந்தக் குளிர்கால டீசலை டேங்கில் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது அவர் எனக்குச் சொன்ன யோசனை. நாங்கள் அதற்கு வெகு முன்பே திரும்பிவிட இருந்ததால், சாதாரண டீசலையே நிரப்பிக்கொண்டோம்.