ஒரு வார்த்தை சொல்லுங்கள்

சிபாரிசு என்ற சொல்லுக்கு நம்மிடையே நல்ல பெயர் கிடையாது. பாரசீகத்திலிருந்து வந்து தமிழில் ஒட்டிக்கொண்ட சொல் அது. அதைக் கேட்டதுமே, யாரோ ஒருவர் தம் மைத்துனனைக் கொல்லைப்புற வழியாக ஆபீசுக்குள் நுழைக்கும் காட்சிதான் நம் கண்முன் வருகிறது.

ஆனால் கூட வேலை பார்த்த ஒருவருக்காகப் பேசுவது வேறு சமாசாரம். மைத்துனனை நாம் பார்த்ததெல்லாம் விருந்துக்கு வந்தபோதுதான். பக்கத்து மேஜைக்காரரை அப்படியா பார்த்திருக்கிறோம்? மாதக் கடைசியில் அவர் முகம் எப்படி இருக்கும், தம் தவற்றைப் பையன் தலையில் போடுவாரா மாட்டாரா, எல்லாம் நமக்குத் தெரியும். தெரிவதனால்தான் அவருக்காக வாய் திறப்பது கஷ்டமாக இருக்கிறது.

நான் ஒரு பத்திரிகையை விட்டு இன்னொன்றில் சேர்ந்த சில மாதங்களுக்கெல்லாம் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் தேடி வந்தார். அங்கே புரூப் பார்த்துக்கொண்டிருந்தவர். "உங்க இடத்திலே புரூப் பார்க்க ஆள் தேடறாங்களாமே, சார். முதலாளிகிட்டே ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார்.

அவர் கண்ணைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. பிரபல எழுத்தாளர் ஒருவரின் தொடர்கதையில், மூன்றாம் அத்தியாயத்தில் கணவனை இழந்த அத்தை பதினோராம் அத்தியாயத்தில் அவரோடு கோயிலுக்குப் புறப்பட்டுவிட்டாள். அச்சேறுவதற்கு முன் அவளைத் தடுத்து நிறுத்தியவர் இந்த நண்பர்தான். ஆனால் பத்து மணி ஆபீசுக்குப் பதினொன்றுக்கு முன் வந்தவரல்ல. இவருக்காக நான் என்ன சொல்வது?

அப்போது எனக்கு ஆற்றுப்படை நூல்கள் நினைவுக்கு வந்தன. பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள்தாம். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வழியில் வறுமையோடு வரும் தன் தொழில்காரனைப் பார்த்து, "நான் போய் வந்த இடத்துக்கு நீயும் போ" என்று வழி சொல்லி அனுப்புவதுதான் பொதுவாக அவற்றின் கதை. சிறுபாணாற்றுப்படையில் வருகிற பாணன் தன் பழைய நிலையை ஒளிக்காமல் சொல்கிறான். உப்பில்லாமல் வேகவைத்த கீரையை, அயலார் பார்த்துவிடக் கூடாதே என்று வாசலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்ட வீடு அவனுடையது. அப்படிப்பட்டவன் நல்லியக்கோடனைப் புகழ்ந்தால் கேட்கிறவனுக்கு நம்பிக்கை வராதா?

அந்தப் பாட்டுகளில் ஒரு விசேஷம் உண்டு. நாம் ஆளைப் பற்றி முதலாளியிடம் சொல்கிறோம். பாணனோ வள்ளலைப் பற்றி ஆளிடம் சொல்கிறான். போகிற இடம் எப்படி, வழியில் என்ன இருக்கிறது என்றெல்லாம் விவரித்துத்தான் அனுப்புகிறான். போகிறவனும் மோசம் போகக் கூடாது அல்லவா?

ஆகவே முதலில் நண்பரிடமே பேசினேன். "இங்கே ஒன்றாந் தேதி சம்பளம் வந்துவிடும். ஆனால் வாரத்தில் மூன்று நாள் நடுநிசி வரை உட்கார வேண்டும். முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போடுவார். அங்கே தாமதமாக வந்தாலும் சம்பளத்தைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். யோசித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவருக்கு மூன்று குழந்தைகள். "வீட்டிலே கேட்டுட்டு வரேன்" என்று போனார். மறுநாள் வந்து, "சொல்லுங்க சார்" என்றார்.

முதலாளியிடம் அத்தையின் கதையைச் சொன்னேன். பதினொரு மணியையும் சொன்னேன்.

"இது சிபாரிசா, புகாரா ஐயா?" என்றார் அவர்.

"இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். ஒன்றை மறைத்தால் மற்றதை எப்படி நம்புவீர்கள்?" என்றேன்.

நண்பருக்கு வேலை கிடைத்தது. ஆறாவது மாதம், தாமதமாக வந்ததற்காக முதலாளி அவரை எல்லோர் முன்பும் கண்டித்தார். நண்பர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தலை நிமிரவில்லை. மனசுக்கு வேதனையாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே கொண்டுவந்தவன் தினந்தோறும் குடை பிடித்தால், அந்த மனிதர் என்றைக்குமே சொந்தக் காலில் நிற்க மாட்டார். அடுத்த வாரம் முதல் அவர் பத்தேகாலுக்கு வந்தார். அந்தக் கால்மணியை முதலாளியும் விட்டுக்கொடுத்துவிட்டார்.

தமிழுக்கே பெரிய லாபம் தந்த சிபாரிசு ஒன்று உண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் 1880-இல் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்கு உ. வே. சாமிநாதையரைச் சிபாரிசு செய்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முன்னும் பின்னுமாகப் பாடம் கேட்டவர்கள். செட்டியார் தம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். அங்கே வந்த ஐயர் அந்த ஆண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். 1887-இல் அது அச்சாகி வந்தது.

1889-இல் அவர் பதிப்பித்தது பத்துப்பாட்டு. நாம் இன்று ஆற்றுப்படைகளைப் படிப்பதற்கும், செட்டியார் அன்று சொன்ன ஒரு வார்த்தை ஒரு காரணம்.