ஹேஸ்டிங்ஸ்: அரை மணி நேரம் தள்ளியிருக்கும் ஊர்

லண்டனை விட்டுக் கடற்கரைப் பக்கம் குடிபோக நினைப்பவர்கள் முதலில் பிரைட்டனை விசாரிப்பார்கள். வீட்டு விலையைக் கேட்டதும் அதே தென்கரையில் கிழக்கே தள்ளியிருக்கும் ஹேஸ்டிங்ஸ் பக்கம் பார்வை திரும்பும். இரண்டுக்கும் லண்டனிலிருந்து நேரடி ரயில் உண்டு. பிரைட்டனுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், ஹேஸ்டிங்ஸுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். விலை வித்தியாசத்தில் அந்த அரை மணி நேரத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

இந்தத் தாமதத்துக்குப் பின்னால் 1850களின் கட்டுமான மோசடி ஒன்று இருக்கிறது. டன்பிரிட்ஜ் வெல்ஸ் வழியாக வரும் பாதையின் சுரங்கங்களில் ஒப்பந்தக்காரர்கள் போதிய செங்கல் அடுக்கு வைக்காமல் ஏய்த்துவிட்டார்கள். குட்டு வெளிப்பட்டதும் உள்பக்கமாகக் கூடுதல் அடுக்கு கட்ட வேண்டியிருந்தது, சுரங்கம் குறுகிப்போனது. பல தலைமுறைக்கு ஒடுக்கமான பெட்டிகளே ஓடின. 1986இல் பாதையை மின்மயமாக்கியபோது சில சுரங்கங்களில் ஒற்றைத் தண்டவாளம் மட்டும் போட்டார்கள். இன்றும் அங்கே ஒரு ரயில் வெளியே வந்த பிறகுதான் எதிர் ரயில் உள்ளே நுழைய முடியும். சாலையும் சுமார்தான், மோட்டார்வே ஊர் வரை வருவதில்லை.

ஊரின் வயது ரயிலைவிட மிகப் பெரியது. இவ்வூரின் பெயரைத் தாங்கிய 1066 போர் நடந்தது ஏழு மைல் உள்ளே, இன்றைய பேட்டில் என்ற ஊரில். கிழக்குக் குன்றுக்கும் மேற்குக் குன்றுக்கும் நடுவே இருப்பது பழைய ஊர்: மரச்சட்ட வீடுகள், ஆள் மட்டும் போகக்கூடிய படிக்கட்டுச் சந்துகள். இரண்டு குன்றுகளுக்கும் கம்பியிழு ரயில் உண்டு. மேற்கே, ஜேம்ஸ் பர்ட்டன் 1828இல் கட்டத் தொடங்கிய செயின்ட் லெனார்ட்ஸ். லண்டனிலிருந்து வரும் ஓவியர்களும் எழுத்தாளர்களும் அதிகம் தேடுவது இந்தப் பகுதியை.

பார்க்க வேண்டிய இடம் ஸ்டேட் எனப்படும் மீனவர் கரை. இங்கே துறைமுகம் கிடையாது. 1890களில் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர் பாதியிலேயே நின்றுபோனது. அதனால் படகுகளைக் கூழாங்கல் மேட்டில் இயந்திரத்தால் இழுத்து ஏற்றுகிறார்கள். பக்கத்தில் வலை வைப்பதற்கான, தார் பூசிய கறுப்பு மரக் கொட்டகைகள், ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது அடிச் சதுரத்தில் மாடி மாடியாக உயர்ந்து நிற்கின்றன. கரையில் இடம் குறைவு, வலையோ நனையாமல் இருக்க வேண்டும். ஆகவே மேல்நோக்கிக் கட்டினார்கள்.

வெளியாள் வந்து குடியேறுவது இவ்வூருக்குப் புதிதல்ல. உடம்பு தேறுவதற்காக 1923இல் இங்கு வந்த ஜான் லோகி பேர்டு, வாடகை அறையில் தொலைக்காட்சிச் சோதனைகளை நடத்தினார். அடுத்த ஆண்டு அவருக்கு மின்சாரம் தாக்கியதும், வீட்டுக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

இனி நடைமுறை. விக்டோரியா காலத்துப் பெரிய வீடுகள் பலவும் இன்று அடுக்குக் குடியிருப்புகள். வாங்குவதென்றால் குத்தகைக் காலம் எத்தனை ஆண்டு மிச்சம், கூரை ஒழுகினால் செலவை யார் யார் பகிர்வது என்று வழக்கறிஞர் மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், பெயின்ட் உரியும், சுவரில் பூஞ்சணம் ஏறும். குப்பைப் பையை வெளியே வைத்தால் கடற்காகங்கள் கிழித்துப் போடும். அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் விரட்டலாமே தவிர, காயப்படுத்தவோ கொல்லவோ முடியாது. குன்று மேல் வீடு என்றால் முழங்காலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊரின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விடுமுறைக்காரர்கள் மலிவு விமானத்தில் ஸ்பெயினுக்குப் போகத் தொடங்கியதும் விடுதிகள் ஒற்றை அறை வாடகை வீடுகளாயின. தென்கிழக்கு இங்கிலாந்தில் வறுமை மிகுந்த ஊர்களில் ஹேஸ்டிங்ஸும் ஒன்று. லண்டன் பணம் வர வர வாடகை ஏறுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு எட்டாமல் போகிறது. புதிதாக வருபவர்கள்மீது சிலருக்கு இருக்கும் கசப்பில் நியாயம் உண்டு.

தினமும் லண்டனில் வேலை என்றால் இந்த ஊர் வேண்டாம். போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடும். வாரத்தில் ஓரிரு நாள் போனால் போதும் என்பவர்களுக்கு இது தோதான இடம். ஆகஸ்ட் வெயிலில் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஜனவரியில், சீக்கிரமே இருட்டிவிடும் ஒரு மாலையில், காற்றோடு கடற்கரைச் சாலையில் நடந்து பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் வீடு தேடத் தொடங்கலாம்.