லிஸ்ப்பும் இத்தனை அடைப்புக்குறிகளும்

லிஸ்ப் நிரலை முதன்முறை பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஏன் இத்தனை அடைப்புக்குறிகள்? பதில் கொஞ்சம் வேடிக்கையானது. நிரல் எழுதுபவர் அவற்றில் நிரலே எழுதக்கூடாது என்பதுதான் ஆரம்பத் திட்டம்!

1958ல் எம்.ஐ.டி.யில் லிஸ்ப்பைத் தொடங்கிய ஜான் மெக்கார்த்தி இரண்டு வடிவங்களை வைத்திருந்தார். கணிதப் புத்தகச் சாயலில் இருக்கும் எம்-வடிவம் நிரலுக்கு. அடைப்புக்குறிக்குள் பட்டியலாக அடுக்கும் எஸ்-வடிவம் தரவுக்கு. 1960ல் வந்த அவருடைய கட்டுரையில் 'இவால்' என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. எந்த லிஸ்ப் நிரலையும் பட்டியலாக்கி அதனிடம் கொடுத்தால் விடை சொல்லும். அதுவும் லிஸ்ப்பிலேயே எழுதப்பட்டது, கோட்பாட்டுக்காக, தாளில் மட்டும்.

அவருடன் வேலை பார்த்த ஸ்டீவ் ரஸ்ஸல் (ஸ்பேஸ்வார் விளையாட்டை எழுதிய அதே ரஸ்ஸல்தான்) இதை இயந்திரத்திலேயே ஓட்டிவிடலாமே என்றார். படிப்பதற்கு எழுதியதைப் போய் ஓட்டுவதாவது என்று மெக்கார்த்தி சிரித்தாராம். ரஸ்ஸல் விடவில்லை. ஐ.பி.எம். 704க்கு ஏற்றபடி கையாலேயே மாற்றி எழுதினார். ஓடியது! பட்டியலாகவே நிரல் எழுதப் பழகியவர்கள் எம்-வடிவத்துக்காகக் காத்திருக்கவில்லை. அது வரவும் இல்லை.

சரி, இதனால் என்ன லாபம்? (+ 2 3) என்பதை இயக்கினால் 5. முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டு '(+ 2 3) என்று எழுதினால் அது மூன்று உறுப்புகள் கொண்ட வெறும் பட்டியல். முதல் உறுப்பை எடுத்துவிட்டு * வைத்து இவாலிடம் கொடுத்தால் 6. மற்ற மொழிகள் சிலவற்றிலும் நிரலை எழுத்துச் சரமாகக் கட்டி இயக்கலாம்தான். ஆனால் அங்கே கையில் இருப்பது எழுத்துக் குவியல். எது எதற்குள் அடங்கியது என்று அதற்குத் தெரியாது. ஒரு குறி இடம் மாறினால் போச்சு.

உண்மையான பலன் மேக்ரோவில். 1963ல் டிமோதி ஹார்ட் இதை லிஸ்ப்புக்கு முன்வைத்தார். உதாரணத்துக்கு 'அன்லெஸ்': நிபந்தனை பொய்யானால் மட்டும் அடுத்த வேலையைச் செய். நிபந்தனை 'கோப்பு தேவையா', வேலை 'கோப்பை அழி' என்று வையுங்கள். அன்லெஸ்ஸைச் சாதாரண ஃபங்ஷனாக எழுதினால் கோப்பு கதை முடிந்தது. லிஸ்ப் முதலில் உள்ளீடுகளை எல்லாம் கணக்கிட்டுவிட்டுத்தான் ஃபங்ஷனுக்குள் நுழையும். தேவையா என்று பார்ப்பதற்குள் அழித்திருக்கும். மேக்ரோவோ உள்ளீட்டை இயக்காமல் பட்டியலாகவே வாங்கி, 'இஃப்' ஆக மாற்றி அடுக்கித் திருப்பித் தருகிறது. ஓடுவது அந்தப் புதிய பட்டியல்தான்.

ஜாவாவின் முதல் பதிப்பு 1996ல் வந்தது. தொகுப்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் சுருக்கமான 'ஃபார்' வடிவம் அதற்குக் கிடைத்தது 2004ல். லிஸ்ப்காரர் அந்த மாதிரி ஒன்றை மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுதிவிடுவார், யாரிடமும் கேட்காமல்.

யாரிடமும் கேட்காமல் என்பதில்தான் வம்பும் இருக்கிறது. ஆளுக்கொரு மேக்ரோ எழுதினால் ஆளுக்கொரு மொழி. எழுதியவர் வேலையை விட்டுப் போனபின் வருகிறவர் நிரலைப் படிக்கும் முன் அந்த மொழியைப் படிக்க வேண்டும். பெரிய குழுக்கள் லிஸ்ப் என்றால் தயங்குவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

2007ல் ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜர் சதுர அடைப்பையும் நெளி அடைப்பையும் சேர்த்துக்கொண்டது. கண்ணுக்குக் கொஞ்சம் இதம். அவையும் தரவு வடிவங்களே என்பதால் மேக்ரோக்கள் அங்கேயும் ஜோராக ஓடுகின்றன.